அப்பாவின் இ-பாஸ்

எங்கள் வீட்டில் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை 1982-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. வழங்கும் அதிகாரி அப்பா, மில்லில் மேஸ்திரி. விண்ணப்பிக்கும் இடம் விளாங்குடி வீட்டுத் திண்ணை. நேரம், அவர் இரவுச் சாப்பாடு முடித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரம். சாப்பிடுவதற்கு முன்னால் கேட்டால் உடனடி நிராகரிப்பு. பின்னால் கேட்டால் பரிசீலனை. ஆண்டு ஒதுக்கீடு பூஜ்யம்.

"கொடைக்கானலா? அங்க என்ன இருக்கு?"

"குளிரு இருக்குப்பா" என்பாள் அக்கா.

"மார்கழியில அது இங்கயே வரும். இருந்து வாங்கிக்க."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அன்றைய விளாங்குடி மதுரையில் இல்லை. திண்டுக்கல் சாலையில் மதுரைக்கு வெளியே இருந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதையே "மதுரைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டு போவோம். வயல் இருந்தது, கண்மாயில் தண்ணீர் கிடந்தது, சாயங்காலமானால் அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஒரு காற்று வரும். வீட்டில் ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் விருந்தாளி வந்தால்தான் மூன்றாம் எண்ணில் சுற்றும். மாடியில் பாயை விரித்தால் தென்மேற்கே நாகமலை கருப்பாகப் படுத்திருக்கும். "மலைதானே பாக்கணும்? பாத்துக்கிட்டே தூங்கு" என்பார் அப்பா.

1982 மே மாதத்தில் அவருக்கு ஏதோ அரியர்ஸ் வந்தது. அப்பத்தா சிபாரிசு செய்தாள். "நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒருக்கா பாத்துப்புடுறேண்டா." தாயின் கடைசி ஆசையை எந்த அதிகாரிதான் தட்ட முடியும்? பாஸ் கிடைத்தது. காலையில் போய் இரவு திரும்ப வேண்டும், தங்கல் கிடையாது, சாப்பாடு வீட்டிலிருந்து. நிபந்தனைகள் மூன்றோடு நின்றதே பெரிய விஷயம். (அப்பத்தா அதற்குப் பிறகு பதினோரு ஆண்டு இருந்தாள் என்பதை அப்பா அடிக்கடி சுட்டிக்காட்டுவார்.)

அடுத்த பிரச்சினை ஸ்வெட்டர். எங்கள் தெருவில் பட்டாளத்தார் வீடு ஒன்று உண்டு. அவர் வடக்கே எங்கோ பனியில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது இரண்டு ஸ்வெட்டரும் ஒரு மங்கி குல்லாவும் கொண்டுவந்திருந்தார். தெருவில் யார் மலைக்குப் போனாலும் அவைதாம் போகும். அந்துருண்டை வாசத்தோடு வாங்கி, புளிசோற்று வாசத்தோடு திருப்பிக் கொடுப்பது வழக்கம். எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால், ஆள் மாறியிருக்கும். பச்சை ஸ்வெட்டர் மாறியிருக்காது. அந்த ஸ்வெட்டர் அளவுக்குக் கொடைக்கானல் பார்த்தவர் எங்கள் தெருவில் இல்லை.

பஸ் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் கொடைக்கானலுக்குப் போகும். ஆனால் வாசலில் நின்று கைகாட்டினால் உட்கார இடம் கிடைக்காது. எனவே விடிகாலையில் டவுன் பஸ் பிடித்துத் தெற்கே பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பாண்டியன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து, அரை மணி நேரத்தில் திரும்ப எங்கள் வீட்டையே கடந்து போனோம். அப்பத்தா ஜன்னல் வழியாக வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, "புல்லு போடச் சொல்லியிருக்கேன், கத்தாத" என்று சத்தம் போட்டாள். பயணம் அப்படித் தொடங்கியது.

பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடை ரோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு. சுப்பிரமணிய சிவாவும் ராஜம் ஐயரும் பிறந்த ஊர் வத்தலக்குண்டு என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எங்களுக்கு அது வாந்தி மாத்திரை வாங்கும் ஊர். அம்மா ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "மோந்துக்கிட்டே வாங்க" என்றாள். காட்ரோடு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எலுமிச்சம்பழமும் மாத்திரையும் ஒரே நேரத்தில் கைவிட்டன. இடது பக்க ஜன்னல்காரர்கள் வலது பக்கத்தாருக்கும், வலது பக்கத்தார் இடது பக்கத்தாருக்கும் மாறி மாறி இடம் கொடுத்த அந்தச் சமத்துவத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

டம் டம் பாறையில் பஸ் நின்றது. எதிர் மலையில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. தலையாறு அருவி, வெள்ளைக்காரர்கள் எலிவால் என்று பெயர் வைத்தார்கள். 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. அன்று எங்களுக்கு இந்த விவரம் ஒன்றும் தெரியாது. கண்டக்டர்தான் சொன்னார், அந்தத் தண்ணீர் மஞ்சளாறாகிக் கீழே போய் வைகையில் சேருகிறது என்று. அப்பா உடனே கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்ம வைகைக்குத்தான வருது? தானா வீட்டுக்கு வர்றத இங்க நின்னு எதுக்குப் பாக்கணும்? ஏறுங்க, ஏறுங்க."

அந்த வாக்கியத்தை நாற்பத்து மூன்று ஆண்டுகள் நகைச்சுவையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி அருவியில் ஐந்து நிமிடம். ஏரியில் பத்து நிமிடம். படகு கிடையாது. "தண்ணியில மெதக்குறதுக்குக் காசா? நம்ம கண்மாயில மெதந்தா வேணாம்னா சொல்லுறாங்க?" அந்த நட்சத்திர வடிவ ஏரி இயற்கையானது என்று நினைத்துத்தான் வாயைப் பிளந்து பார்த்தோம். உண்மையில் அதுவும் எங்கள் ஊர் ஆள் வேலை. மதுரையில் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கரை போட்டுக் கட்டியது. அந்த ஏரியின் உபரி நீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. ஆக, மதுரைக் கலெக்டர் கட்டிய கண்மாயையும் அதன் மறுகாலையும் பார்க்க மதுரைக்காரர்கள் நூற்றிருபது கிலோமீட்டர் போய் வந்தோம். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் பாஸ் கிடைத்திருக்காது.

கொடைக்கானலுக்கு முதன்முதலில் டூர் போனவர்களும் மதுரைக்காரர்கள்தாம் என்று சொல்லலாம். பிறந்த ஊர் மட்டும் அமெரிக்கா. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் வெயிலிலும் காய்ச்சலிலும் காலராவிலும் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த சிறுமலையை முதலில் முயன்று பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. 1845-இல் ஏழாயிரம் அடி உயரத்தில் இரண்டு பங்களா கட்டிக்கொண்டார்கள். பளியர்களும் பூம்பாறை, வில்பட்டி விவசாயிகளும் அதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே அந்த மலையில் வாழ்ந்தவர்கள். அவர்கள் குளிரைப் பார்ப்பதற்காக அங்கே இருக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். மோட்டார் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது. அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து துரைமார்களை டோலியில் வைத்துக் கூலியாட்கள் தூக்கிப்போனார்கள். அந்தக் கூலியாட்களிடம் யாரும் 'கொடைக்கானல் பார்த்தாயா, எப்படி இருந்தது' என்று கேட்டதாகத் தெரியவில்லை.

கோக்கர்ஸ் வாக். 1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பில் போட்ட நடைபாதை. அங்கே தொலைநோக்கி வைத்திருந்த ஒருவர், "வாங்க சார், அம்பது காசு. மதுரை தெரியும் பாருங்க" என்றார்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். "காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, பதினஞ்சு ரூவா செலவழிச்சு, குடும்பமே வாந்தியெடுத்து வந்தது மதுரையப் பாக்கவா?"

அந்த மனிதருக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை எனக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு ஜீப்பில் பதினாலு பேராகத் தூண் பாறைக்குப் போனோம். நானூறு அடி உயரத்துக்கு மூன்று பாறைகள் தூண் போல நிற்கும் என்று ஜீப்காரர் சொன்னார். நாங்கள் போனபோது நின்றது மஞ்சு மட்டும்தான். வெள்ளை வேட்டியை முகத்துக்கு முன்னால் பிடித்தது போல இருந்தது. "உள்ளதான் சார் இருக்கு, எங்கயும் போகாது" என்று ஜீப்காரர் உறுதி கொடுத்தார். அப்பத்தா கோயில் வாசலில் திரை போட்டிருக்கும்போது கும்பிடுவது போலக் கும்பிட்டுக்கொண்டாள். அடுத்த இடத்தின் பெயர் தற்கொலைப் பாறை. "பேரே சரியில்ல, நான் எறங்க மாட்டேன்" என்று ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னாளில் அரசாங்கமும் அப்பத்தா பக்கம் வந்துவிட்டது. இப்போது அதன் பெயர் பசுமைப் பள்ளத்தாக்கு. ஐயாயிரம் அடிப் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வானியல் ஆய்வுக்கூடத்தின் கதையைக் கேட்டிருந்தால் அப்பத்தாவுக்குப் பிடித்திருக்கும். அவளுக்கு அவள் பாட்டி சொன்ன தாது வருசப் பஞ்சக் கதைகள் நிறையத் தெரியும். 1876-78-இல் சனங்கள் எலும்பும் தோலுமாகச் செத்த பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று அறிய அரசாங்கம் விரும்பியது. அதன் விளைவாகத்தான் சென்னையிலிருந்து ஆய்வுக்கூடம் 1899-இல் இங்கே மலையேறியது. 1909-இல் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். விளைவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் சூரியனைப் பார்க்க ஏறிய மலைக்கு நாங்கள் சூரியனிடமிருந்து தப்பிக்க ஏறினோம். அப்பா வெளிவாசலோடு திருப்பிவிட்டார். "சூரியனா? அதுக்கு எதுக்குடா இங்க வரணும்?"

ஏரிக்கரையில் ஒரு போட்டோக்காரர் எங்களை நிறுத்திப் படம் எடுத்தார். பணம் முன்கூட்டியே, படம் தபாலில் வரும். ஒரு மாதம் கழித்து வந்தது. உறையின் மேல் எங்கள் முகவரிதான். உள்ளே வேறொரு குடும்பம். மீசை வைத்த ஓர் அப்பா, மங்கி குல்லா போட்ட மூன்று பிள்ளைகள், சிரிக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யாத ஓர் அம்மா, பின்னால் மஞ்சு. அப்பா திருப்பி அனுப்ப வேண்டும் என்று குதித்தார். அம்மா விடவில்லை. "யார் பெத்த பிள்ளைகளோ, நல்லா இருக்கட்டும். நாமளும் இப்படித்தான இருந்திருப்போம்." கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். எங்கோ ஒரு ஊரில், ஒரு வீட்டுச் சுவரில், எங்கள் அப்பத்தா தொங்கிக்கொண்டிருக்கலாம்.

திரும்பும்போது குறிஞ்சி ஆண்டவர் கோயிலைப் பார்த்தோம். இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி என்று பெயர் கொண்ட வெளிநாட்டு அம்மையார் 1936-இல் கட்டிய முருகன் கோயில். வாசலில் டீ விற்றவர் அப்பாவிடம், "தப்பான மாசத்துல வந்துட்டீகளே. இது குறிஞ்சி பூக்குற வருசம். ஆவணி வாக்குல வந்தா மலையே நீலமா இருக்கும்" என்றார்.

"அத விட்டா எப்ப?"

"பன்னெண்டு வருசம்."

"சரி, அப்ப வாரோம்" என்றார் அப்பா, டீ டம்ளரைக் கீழே வைத்தபடி. எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் பீரோக் கதவின் உள்பக்கம் '94 ஆவணி' என்று பென்சிலால் எழுதினார். அது எங்கள் கண்ணில் பட்டபோதும் சிரித்தோம்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது; கொடைக்கானல் மதுரை மாவட்டத்தை விட்டுப் போனது. பிறகு தேனி பிரிந்தது. சுருளியும் கும்பக்கரையும் மேகமலையும் போயின. ஒருகாலத்தில் பாதி மேற்கு மலையை வைத்திருந்த மதுரைக்கு யானைமலையும் நாகமலையும் அழகர்மலையும் மிஞ்சின. 2011-இல் விளாங்குடியை மாநகராட்சியில் சேர்த்தார்கள். ஆக, மலை எங்களை விட்டு விலகியது, மதுரை எங்களிடம் வந்தது. நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயேதான் இருந்தோம்.

1994 ஆவணியில் அப்பா ஓய்வு பெற்றிருந்தார். ஒரு நாள் வெற்றிலை போடும் நேரத்தில் அவராகவே, "கெளம்புங்கடா" என்றார். மெட்டடார் வேன் பிடித்துப் போனோம். கோயில் பக்கத்துச் சரிவில் குறிஞ்சி பூத்திருந்தது. ஒரு பூவைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நம் வேலியோரத்துப் பூ மாதிரிதான். சரிவு முழுவதும் பார்க்கும்போது மலைமேல் நிழல் விழுந்திருப்பது போல இருந்தது. டிரைவர் ஐந்து நிமிடத்தில் ஹார்ன் அடித்தார். அப்பா திரும்பவில்லை. அரை மணி நேரம் நின்றார். எங்களில் யாருக்கும் "ஏறுங்க" என்று சொல்லத் துணிவு வரவில்லை. அன்று அவர் கையில் கடிகாரம் இருந்தது, பார்க்கவில்லை.

இனி 2025. என் மகனுக்குக் கார் இருக்கிறது, கணினி வேலை இருக்கிறது. சனி ஞாயிறு மட்டும்தான் இல்லை. மே மாதத்தில் ஒரு நாள் பேரன், "தாத்தா, கொடைக்கானல் போலாமா?" என்றான். அவனுக்கு ஒன்பது வயது. கேட்டது சாப்பிடுவதற்கு முன்னால். இருந்தும் நிராகரிக்க ஆள் இல்லை. மகன் போனை எடுத்தான்.

அங்கேதான் தடை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டி போக முடியாது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. மகன் கேட்ட சனிக்கிழமைக்கு இடம் நிரம்பிவிட்டது. பெயர், முகவரி, வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கல் என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி முயன்றான். இல்லை. பக்கத்துச் சுவரில் சட்டத்துக்குள் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் எவ்வளவு காலத்துக்கு முன்னால் சிந்தித்திருக்கிறார்! அப்பாவின் வேலையை இப்போது இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களிடம் அப்பத்தாவின் சிபாரிசும் எடுபடாது.

வேறொரு தேதிக்குப் பாஸ் கிடைத்தது. வீட்டு வாசலிலேயே காரில் ஏறினோம். நான்கு வழிச் சாலையில் கொடை ரோடு வந்ததே தெரியவில்லை. யாரும் வாந்தி எடுக்கவில்லை. எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. எல்லோரும் போனைப் பார்த்தபடி வந்ததால் மலை ஏறியதும் தெரியவில்லை. காது அடைத்ததும் மருமகள்தான், "வந்துட்டோம் போல, மாமா" என்றாள்.

வெள்ளி அருவிக்கு முன்னால் வண்டிகள் நின்றன. பாஸ் வாங்கிய ஆறாயிரம் வண்டியும் ஒரே நேரத்தில் அருவியைப் பார்க்க முடிவு செய்தது போல இருந்தது. அப்பா அந்த அருவிக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். நாங்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் கொடுத்தோம், விருப்பப்பட்டு அல்ல. ஹார்ன் சத்தத்தில் கண்ணை மூடினால் கோரிப்பாளையத்தில் நிற்பது போலவே இருந்தது. பேரன் கேட்டான், "மலை எப்ப வரும்?"

நான்கு இடம் பார்த்தோம். குணா குகையில் கூட்டம் கம்பித் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. எங்கள் காலத்தில் அது பேயின் சமையலறை. பெயரைக் கேட்டே சிறுபிள்ளைகள் அழும். 1991-இல் கமல் படம் வந்தபின் காதல் குகை ஆனது. 2006-இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அந்தப் பிளவுக்குள் விழ, இன்னொருவர் கயிற்றில் இறங்கித் தூக்கிவந்தார். அதை 2024-இல் மலையாளத்தில் படமாக எடுத்ததும் நட்புக் குகை ஆகிவிட்டது. பள்ளம் ஒன்றுதான், சினிமாவுக்கு ஏற்ப உள்ளே இருப்பது மாறிக்கொண்டிருக்கிறது. பைன் காட்டில் நின்று ஆயிரம் பேர் படம் எடுத்தார்கள். 1906-இல் பிரையண்ட் என்ற வன அதிகாரி நட்ட மரங்கள். அடியில் புல்கூட அதிகம் முளைக்காது. எனவே படம் நன்றாக வரும். மழையைக் குடித்துவைத்து ஆண்டு முழுதும் ஓடையாக விடுகிற சோலைக்காட்டை யாரும் நின்று பார்க்கவில்லை. அது இருட்டு, படத்தில் விழாது.

தூண் பாறைக்கு வந்தோம். மஞ்சு. அதே வெள்ளை வேட்டி. கட்டணம் கொடுத்து, வரிசையில் நின்று, கம்பியைப் பிடித்து எல்லோரும் வேட்டியைப் பார்த்தோம். 1982, 1994, 2018, 2025 என்று நான்கு முறை வந்துவிட்டேன். அந்தத் தூண்களை இதுவரை நான் கண்டதில்லை. பேரன் என் சங்கடத்தைப் பார்த்துவிட்டு, போனில் தேடி, பளிச்சென்று வெயிலில் நிற்கும் மூன்று பாறைகளைக் காட்டினான். "இதுதான் தாத்தா. பாத்துட்டீங்கள்ல? போலாமா?" எண்ணிப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கொள்ளுத்தாத்தாவின் ரத்தம்.

இரவு விடுதி அறைக்குள் நுழைந்ததும் அவன் சுவரை நாலா பக்கமும் பார்த்தான். "ஏசி இல்லையா?" வெளியே பதினைந்து டிகிரி. விளாங்குடி வீட்டில் இரண்டு ஏசி. கார்த்திகை மாதத்திலும் ஒன்று ஓடும். குளிர் என்பது ரிமோட்டிலிருந்து வருவது என்று அவன் நம்புவதில் பிழையில்லை. ஜன்னலைத் திறந்தேன். "வாசம் அடிக்குது, மூடுங்க தாத்தா" என்றான். யூகலிப்டஸ் வாசம். எங்கள் அப்பத்தா அதைப் பாட்டிலில் வாங்கிவந்து ஆறு வருடம் வைத்திருந்து சொட்டுச் சொட்டாகத் தலைவலிக்குத் தேய்த்துக்கொண்டாள்.

நானூறுக்கும் மேல் படம் எடுத்தார்கள். எல்லாம் எங்கோ மேகத்தில் சேமித்திருப்பதாக மகன் சொன்னான். கொடைக்கானல் படத்துக்குப் பொருத்தமான இடம்தான். சட்டத்தில் மாட்டியிருக்கும் கொடைக்கானல் படம் எங்கள் வீட்டில் இன்றும் ஒன்றுதான், அந்த ஊர் பேர் தெரியாத குடும்பம். மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில் என்னிடம், "இவங்க உங்களுக்கு என்ன முறை வேணும் மாமா?" என்று கேட்டாள். தூரத்துச் சொந்தம் என்றேன்.

திரும்பி இறங்கும்போது டம் டம் பாறையில் நிறுத்தச் சொன்னேன். வாங்கிய ஹோம்மேட் சாக்லேட் அதற்குள் இளகத் தொடங்கியிருந்தது. வத்தலக்குண்டு போனால் கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். எதிர் மலையில் அதே நூல் தெரிந்தது.

"அந்தத் தண்ணி எங்க போகுது தாத்தா?"

"மஞ்சளாறு வழியா வைகைக்கு. நம்ம ஊருக்குத்தான் வருது."

"நம்ம ஊருக்கா?" அவன் உண்மையிலேயே குழம்பிப்போனான். "நம்ம ஊர்ல எங்க வருது?"

எனக்குச் சட்டென்று அப்பாவின் வாக்கியம் ஞாபகம் வந்தது. தானா வீட்டுக்கு வர்றத இங்க நின்னு எதுக்குப் பாக்கணும்? கஞ்சத்தனம் என்று நினைத்து இத்தனை வருடம் சிரித்தேன். அவர் சொன்னது அன்றைக்கு நிஜம். மலையில் பெய்தது சோலையில் தங்கி, ஓடையாக இறங்கி, வைகையாகி, வாய்க்காலாகி, கண்மாயில் விழுந்து, சாயங்காலம் எங்கள் மாடிக்குக் காற்றாக வந்து சேர்ந்தது. கொடைக்கானல் தினமும் விளாங்குடிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. நாங்கள் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மரியாதைக்கு எதிர்மரியாதை செய்யப் போனால் போதுமாக இருந்தது. இன்று வைகை வருடத்தின் பெரும்பகுதி மணலாகவும் கருவேலமாகவும் கிடக்கிறது. வயல் இருந்த இடத்தில் வீடு. எங்கள் வீடும் அதில் ஒன்று. அந்த வீட்டில் இரண்டு ஏசி, வெளியே தள்ளும் சூட்டுக்கு இன்னும் இரண்டு வீட்டில் நான்கு ஏசி. மலை நம்மிடம் வரும் வழியை அடைத்துவிட்டோம். அதனால்தான் நாம் மலைக்குப் போகிறோம், வாரக் கடைசியில் ஆறாயிரம் வண்டியில். நீதிமன்றம் வரம்பு போட்டது மலையைக் காப்பாற்ற. கீழே கண்மாயைக் காப்பாற்ற அப்பா மாதிரி "வேணாம்" என்று சொல்ல யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தால் மலைக்கு அந்தச் சிரமம் வந்திருக்காது.

இதையெல்லாம் பேரனிடம் சொல்லவில்லை. "சொல்றேன், ஏறு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோக் கதவைத் திறந்து, '94 ஆவணி' என்ற பென்சில் எழுத்துக்குக் கீழே, 2006-க்கும் 2018-க்கும் நான் எழுதிய வரிகளுக்கும் கீழே, அவன் கையாலேயே '2030 ஆவணி' என்று எழுதவைத்தேன். 2006-இல் எழுதினேன், போகவில்லை. அலுவலகத்தில் லீவு கிடைக்கவில்லை. 2018-இல் போனேன், பூத்திருந்தது. 2030-இல் அவனுக்குப் பதினான்கு வயது இருக்கும்; என் வயதைக் கணக்குப் போட வேண்டாம். அதற்குள் இன்னொரு முறை மலைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தால் வெற்றிலை போடும் நேரத்தில் வந்து கேட்கச் சொல்லியிருக்கிறேன். இதற்காகவே வெற்றிலை போடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு தகவல். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் வேண்டியதில்லை. ஆரப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது. இடம் வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஏறுங்கள். எலுமிச்சம்பழத்தை மறக்காதீர்கள்.